“கல்ச்சர்” எல்லாம் ஜெயிச்சப்புறம் சொல்ற கதையா? அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ஆள் எடுக்கிறது பத்தி

24 மார்ச் 2025, வாசகர் கேள்வி

பெரியவன் பத்தாவது படிக்கிறான், ஆறடி மூணு அங்குலம், ஸ்கூலுக்கு வெளிய இருக்கிற ஏஏயூ கிளப் டீம்ல ஆடறான். எந்த கோச்சைப் பாத்தாலும் “எங்க சிஸ்டத்துக்கு, எங்க கல்ச்சருக்கு ஒத்து வர்ற பசங்க தான் வேணும்”னு ஒரே பாட்டு. ஸ்டார் பிளேயர் கிடைக்காதவங்க சொல்லிக்கிற சமாதானம் தான் இதுன்னு எனக்குத் தோணுது. இன்னைக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேற காலேஜுக்கு மாற நெனைக்கிற பசங்க பேர் குடுக்கிற லிஸ்ட், திறந்தாச்சு, பணம் இருந்தா ஒரே மாசத்துல டீமையே மாத்திடலாம். கல்ச்சர்ங்கிறது கப் வாங்கினப்புறம் எழுதற கதை. மறுக்கிறவங்க மறுங்க.

24 மார்ச், ராத்திரி

மறுக்கிறேன். நான் ரிச்மண்டுக்கு வேலைக்கு வந்தது 2009ல. அதே வருஷம் தான் டோனி பென்னட் வாஷிங்டன் ஸ்டேட்ல இருந்து வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்கு கோச்சா வந்தார், அதனால அவர் டீம் கட்டினதை அஸ்திவாரத்துல இருந்தே பாத்திருக்கேன். 2010ல ஆறு பசங்களை எடுத்தார். அதுல நாலு பேர் வேற காலேஜுக்குக் கிளம்பிட்டாங்க, நின்னது ரெண்டே பேர், ஜோ ஹாரிஸும் அகில் மிட்செலும். “இந்த ஆளுக்கு ஆள் எடுக்கவே தெரியலை”ன்னு அப்போ இங்க எல்லாரும் பேசினாங்க, நானும் பேசினேன். நின்ன அந்த ரெண்டு பேர், 2011ல ஜார்ஜியால இருந்து வந்த மால்கம் ப்ராக்டன், இவங்களை வச்சு 2014ல வர்ஜீனியா ஆடற ஏசிசி லீக்கையும் அடிச்சார், ஏசிசி டோர்னமென்ட்டையும் அடிச்சார். ஃபைனல்ல டியூக்கை 72-63.

அவங்க அப்பா டிக் பென்னட்டும் கோச் தான், 2000ல விஸ்கான்சினை தேசிய டோர்னமென்ட்ல கடைசி நாலு டீம் மோதற ஃபைனல் ஃபோர் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர். அப்பா கிட்ட இருந்து மகனுக்கு வந்தது அஞ்சு விஷயம்: பணிவு, ஆர்வம், ஒற்றுமை, அடுத்தவனுக்காக உழைக்கிற மனசு, நன்றி. ஸ்கூல் சுவத்துல எழுதிப் போடற வாசகம் மாதிரி இருக்குன்னு நீங்க சொல்லலாம். ஆனா ஆள் எடுக்கிறப்ப பென்னட் வச்சுக்கிட்ட கணக்கு வேற: எவனோட சேந்து தோக்க முடியுமோ அவனை முதல்ல எடுக்கணும், ஜெயிக்கிறது அதுக்கப்புறம்.

அது என்னன்னு எனக்கு உறைச்சது 2018 மார்ச் 16. நாட்டுலயே நம்பர் ஒன் டீமா என்சிஏஏங்கிற அந்த தேசிய டோர்னமென்ட்டுக்குப் போய், 16ஆம் சீட், அதாவது தரவரிசைல கடைசில வச்ச, யூஎம்பிசி காலேஜ் கிட்ட 74-54ன்னு தோத்தாங்க. ஆண்கள் டோர்னமென்ட்ல முதல் சீட்டை 16ஆம் சீட் ஜெயிச்சது அதான் முதல் தடவை. ஹாஃப் டைம்ல 21-21, அப்புறம் அப்படியே சரிஞ்சிடுச்சு. நாடே சிரிச்சுது. கைல் கை, டை ஜெரோம், டியாண்ட்ரே ஹன்டர் எல்லாரும் அடுத்த சீசனும் அதே காலேஜுக்கு அதே கோச் கிட்ட வந்து நின்னாங்க. 2019 ஏப்ரல் 8ல டெக்ஸஸ் டெக்கை ஓவர்டைம்ல 85-77 ஜெயிச்சு சாம்பியன். தோத்த அன்னைக்கே அந்த டீம் கையில இருந்துச்சு, கப் தான் பின்னாடி வந்தது. அதனால தான் ஜெயிச்சப்புறம் எழுதின கதைன்னு நீங்க சொல்றதை என்னால ஏத்துக்க முடியலை.

இதுல ஒண்ணு, அந்த யூஎம்பிசி கோச் ரயன் ஓடமை இப்போ வர்ஜீனியாவே கோச்சா எடுத்திருக்கு. சின்ன வயசுல அவங்க அப்பா இங்க உதவி கோச்சா இருந்தப்ப பந்து பொறுக்கிப் போட்ட பையன் அவர். எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம்.

25 மார்ச்

சிஸ்டம்னா என்னன்னு நேத்து சொல்லாமலே கல்ச்சர் பத்திப் பேசிட்டேன், தப்பு, ஏன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு.

பென்னட்டோடது பேக் லைன் டிஃபென்ஸ். பந்து வச்சிருக்கிறவனை ஒருத்தன் நெருக்கிப் பிடிப்பான். மத்த நாலு பேரும் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு ரெண்டடி உள்ள ஒரு கோடு இருக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு அதுக்குள்ளயே நிப்பாங்க. உள்ள டிரைவ் பண்ணவே வழி இருக்காது, தூரத்துல இருந்து வேணா போட்டுக்கோ. பந்து வெளிய பாஸ் ஆனா அந்த ஆளைப் பாத்து ஓடணும், கடைசி ரெண்டு மூணு அடி குட்டிக் குட்டி ஸ்டெப்பா வச்சு, கை தூக்கி, பாய்ஞ்சு விழாம நிக்கணும். பந்தைத் தட்டிப் பறிக்கப் போகக் கூடாது, போய் ஏமாந்தா நாலு பேர் உழைப்பு வீண். இதை ஒரு மேட்ச்சுக்கு எத்தனை தடவை பண்ணணும்னு நெனச்சுப் பாருங்க. பண்ணினவன் பேரு ஸ்கோர் ஷீட்ல எங்கயும் வராது. ஆட்டமும் மெதுவா தான் போகும், ஒருத்தன் 25 பாயிண்ட் அடிக்கிற அளவுக்கு பந்தே கைக்கு வராது.

இப்போ ஹைஸ்கூல்ல பந்து பறிச்சு ஓடி டங்க் பண்ணியே பேர் வாங்கின பையனை இங்க கொண்டு வந்து விட்டா என்ன ஆகும்? அவன் கெட்டவன் இல்ல, திறமை இல்லாதவனும் இல்ல. அவனுக்குத் தெரிஞ்ச நல்லதையெல்லாம் இங்க தப்புன்னு சொல்லுவாங்க. ஆறு மாசத்துல மனசு விட்டுடும். 2010ல போன நாலு பேருக்கும் இதே தான் நடந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது, அவங்கவங்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனா ப்ராக்டன் மாதிரி பசங்களுக்கு இது கை வந்த கலை ஆச்சு. கால் அடிபட்டு 2012-13 சீசன் முழுக்க உக்காந்திருந்தவன், 2016ல ஏசிசியோட சிறந்த பிளேயர், சிறந்த டிஃபென்டர் ரெண்டும் அவனே. என்பிஏல ரெண்டாவது ரவுண்டுல 36ஆவதா எடுத்தாங்க, 2017 ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கிட்டான்.

25 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

ஹன்டர் கதையை விட்டுட்டேன். ஃபிலடெல்ஃபியா பையன், 2016ல வந்தான், வந்த உடனே ரெட்ஷர்ட், அதாவது முதல் வருஷம் பூரா பிராக்டிஸ் மட்டும், மேட்ச் கிடையாது. அந்த வயசுல வீட்டுக்கு ஃபோன் பண்ணி என்னன்னு சொல்லுவான்? மூணு வருஷம் கழிச்சு ஃபைனல்ல 27 பாயிண்ட், 12 செகண்ட் இருக்கிறப்ப ஸ்கோரை 68-68 ஆக்கின த்ரீ அவனோடது, அன்னைக்கு அவன் பிடிச்ச ஜாரட் கல்வர் 22 ஷாட்ல 5 தான் போட்டான். அந்த ஒரு வருஷத்தைப் பொறுத்துக்கிட்டதை விட அந்த த்ரீ கஷ்டம்னு எனக்குத் தோணலை.

26 மார்ச்

திருத்தம். நான் எழுதினதைப் படிச்சா வர்ஜீனியால யாரும் சீண்டாத பசங்களா பொறுக்கி எடுத்தாங்கன்னு ஒரு தோற்றம் வருது. கைல் கை மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன், நாட்டுல விரல் விட்டு எண்ணற பசங்கள்ல ஒருத்தன். ஸ்டாரும் எடுத்தாங்க, எல்லா ஸ்டாரையும் எடுக்கலை, அவ்வளவு தான்.

30 மார்ச்

இன்னையோட ஆறு வருஷம். 2019 மார்ச் 30, லூயிவில், பர்டூ காலேஜோட எலீட் எய்ட், அதாவது கடைசி எட்டு டீம் ஆடற சுத்து. இந்த இழைல நான் சொல்ல வர்றது எல்லாம் அந்த ஆறு செகண்டுல இருக்கு, அதனால அதை மட்டும் எழுதறேன்.

பர்டூல கார்சன் எட்வர்ட்ஸ் அன்னைக்கு 42 பாயிண்ட், பத்து த்ரீ. எங்க டிஃபென்ஸ் சரியா தான் இருந்துச்சு, அவன் எங்க இருந்து போட்டாலும் விழுந்துச்சு. கடைசி 5.9 செகண்ட், ஜெரோம் ஃப்ரீ த்ரோ. வர்ஜீனியா பின்தங்கி இருக்கு. ஷாட் மிஸ். மமாடி டியாக்கிட்டே எக்கி பந்தைத் தட்டி விட்டான், அது பாதி மைதானம் தாண்டிப் பின்னாடி ஓடிருச்சு. துரத்திப் போனது கிஹெய் கிளார்க், முதல் வருஷப் பையன், அஞ்சடி ஒம்பது அங்குலம், பெரிய காலேஜ் எதுவும் பெருசா துரத்தாத கலிஃபோர்னியா பையன். பந்தை எடுத்துத் திரும்பினான். அந்த எடத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேர் அங்க இருந்தே ரிங்கைப் பாத்து வீசியிருப்பாங்க. இவன் ஒரு டிரிபிள் வச்சான், தலை தூக்கிப் பாத்தான், நேரா டியாக்கிட்டே கைக்கு ஒரு நீள பாஸ். பந்து கைய விட்டதும் பஸர், உள்ள விழுந்துச்சு, 70-70. ஓவர்டைம்ல 80-75.

வீட்டுல நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிட்டார். டியாக்கிட்டே கினி நாட்டுல கோனாக்ரில பொறந்தவன். அந்த டீம்லயே ஸ்கிரீன் வைக்கிறதை, அதாவது கூட ஆடறவனுக்காக எதிராளியை மறிச்சு நிக்கிறதை, ஒரு தவம் மாதிரி பண்ணின ஜாக் சால்ட் நியூசிலாந்து. எங்கெங்கயோ இருந்து வந்த பசங்க. அந்த பாஸை யாரும் அந்த நிமிஷத்துல சொல்லிக் குடுக்க முடியாது. அப்படி பாக்கிற பையனை முன்னாடியே கண்டுபிடிச்சு எடுத்து வச்சிருக்கணும்.

2 ஏப்ரல்

சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும், ரெண்டு நாளா சொல்லவா வேணாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

எங்க மக பாயிண்ட் கார்ட். நிதானம் அவளுக்கு, பந்தை வாங்கி, நாலு பேரும் எடத்துக்கு வர்ற வரைக்கும் பொறுத்து, ஒரு பாஸ்ல ஆட்டத்தைத் திறப்பா. 2017ல ஒரு சின்ன காலேஜ், டிவிஷன் த்ரீ. அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா கோச்சுங்க தேடி வந்து எடுப்பாங்க. கோச்சம்மா வீட்டுக்கே வந்தாங்க, எங்க வீட்டு இட்லி சாப்பிட்டாங்க. “எங்க டீம் ஒரு குடும்பம்”னாங்க, எங்களுக்கு அந்த வார்த்தையே போதும்னு ஆயிடுச்சு.

போய்ப் பாத்தா அது கிரின்னல் மாதிரி ஆட்டம். தெரியாதவங்களுக்கு: அயோவால கிரின்னல் காலேஜ்ல டேவிட் ஆர்சனோன்னு ஒரு கோச் கொண்டு வந்த முறை. அஞ்சு பேர் உள்ள போய் மூச்சு முட்ட ஓடுவாங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாம அஞ்சு பேரும் வெளிய, அடுத்த அஞ்சு உள்ள. முழு மைதானத்துலயும் எதிராளியை நெருக்கிப் பிடிக்கிற பிரஸ், கிடைச்ச முதல் த்ரீயைப் போட்டுடணும். 2012ல அங்க ஜாக் டெய்லர்னு ஒரு பையன் ஒரே மேட்ச்சுல 138 பாயிண்ட் அடிச்சது இந்த முறைல தான். அது ஒரு அருமையான சிஸ்டம், அதுக்குன்னு பொறந்த பசங்க இருக்காங்க. எங்க பொண்ணு அதுக்குப் பொறந்தவ இல்ல. அவ தலை தூக்கிப் பாக்கறதுக்குள்ள அவ ஷிஃப்ட் முடிஞ்சிடும். டிசம்பர்ல லீவுக்கு வந்தப்ப ஷூவை கராஜ்லயே விட்டுட்டு உள்ள வந்தா, திரும்பிப் போற வரைக்கும் எடுக்கவே இல்ல. ரெண்டு வருஷம் இருந்துட்டு வேற காலேஜுக்கு மாறினா.

எங்களை ஏமாத்தி எடுத்துட்டாங்கன்னு தான் இன்னைக்கு வரைக்கும் நெனைக்கிறேன்.

3 ஏப்ரல்

“2012 கென்டக்கி என்ன கல்ச்சர், மூணு ஃப்ரெஷ்மேனை, முதல் வருஷப் பசங்களை, ஸ்டார்ட் பண்ணி ஒரு வருஷத்துல கப்”னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்வி. கான்சாஸோட ஃபைனல்ல ஆந்தனி டேவிஸ் பத்து ஷாட்ல ஒண்ணு தான் போட்டான். ஆனா 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட், அந்த ஃபைனல் ஃபோரோட சிறந்த பிளேயர் விருது அவனுக்கே. நாட்டுலயே பெரிய ஸ்டார், ஷாட் விழலைன்னதும் மூஞ்சியைத் தூக்காம வேற எல்லா வேலையும் பாத்தான். திறமையும் பொருந்தறதும் ஒரே ஆள் கிட்ட வந்தா அது வரம். 2015 கென்டக்கிலயும் திறமைக்கு என்ன குறைச்சல், 38-0ன்னு வந்து, மூணு நாலு வருஷம் சேந்தே இருந்த விஸ்கான்சின் பசங்க கிட்ட 71-64 தோத்தாங்க.

6 ஏப்ரல்

நேத்து ஃபைனல் ஃபோர்ல ஹூஸ்டன் மேட்ச் பாத்தீங்களா! ரெண்டாவது பாதில 14 பாயிண்ட் பின்னாடி, டியூக் பக்கம் பெரிய ஸ்டார் கூப்பர் ஃபிளாக். 70-67 ஜெயிச்சாங்க. கடைசில முன்னுக்குக் கொண்டு வந்த ரெண்டு ஃப்ரீ த்ரோவும், அடுத்த தடவை ஃபிளாக் முன்னாடி கை தூக்கி நின்னதும் ஜே'வான் ராபர்ட்ஸ், 2019ல இருந்து அதே காலேஜ்ல இருக்கிற பையன். கோச் கெல்வின் சாம்ப்சன் கிட்ட ஆறு வருஷம். தூக்கமே வரலை எனக்கு.

8 ஏப்ரல்

ஃபைனல்ல ஃபுளோரிடா 65-63. ஹூஸ்டன் தோத்துடுச்சு.

இப்போ என் வாதத்தையே நான் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு. ஃபுளோரிடாவோட மூணு முக்கிய கார்டும் போர்ட்டல்ல வந்தவங்க. வால்டர் கிளேட்டன் அயோனால இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்ல இருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்ல இருந்து. அப்போ வாசகர் சொன்னது தான் சரியா? விடிகாலை வரைக்கும் கடைசி பொசஷனைத் திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன். இமானுவேல் ஷார்ப் த்ரீக்கு எழும்பறான், கிளேட்டன் எங்கயோ இருந்து பறந்து வந்து முன்னாடி நிக்கறான், ஷார்ப் பயந்து நடுவானத்துலயே பந்தைக் கீழ விட்டுட்டான், விட்ட பந்தைத் தானே தொட்டா டிராவலிங். பந்து தரையில துள்ளிக்கிட்டே இருக்கு, அவன் பாத்துக்கிட்டே நிக்கறான், அலெக்ஸ் காண்டன் விழுந்து பிடிச்சான். முதல் பாதில ஒரு பாயிண்ட் கூட அடிக்காத டீம் ஸ்டார் கிளேட்டன், கடைசில ஜெயிச்சுக் குடுத்தது ஒரு குளோஸ் அவுட், ஷாட் போடறவனைப் பாத்து ஓடி வந்து நிக்கிற அதே வேலை.

அதனால நான் மாத்திக்கிறது இது: நாலு வருஷம் கூடவே வளந்தா தான் பொருந்தும்னு நெனச்சுட்டு இருந்தேன், அது தப்பு. வேற எடத்துல ஆடின பையன் கிட்ட பாக்கறதுக்கு காலேஜ் மேட்ச் வீடியோவே இருக்கு, அவனுக்கும் தனக்கு எந்த ஆட்டம் ஒத்து வரும்னு அதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். போன வருஷம் பர்டூ சதர்ன் இல்லினாய்ல இருந்து லான்ஸ் ஜோன்ஸ்னு ஒரே ஒரு ஆளை எடுத்து, இருந்த ஓட்டையை சரியா அடைச்சு, ஃபைனல் வரைக்கும் போச்சு. போர்ட்டல் கெடுதல்னு நான் சொன்னா அது பிடிவாதம்.

21 ஏப்ரல்

வில்லனோவா காலேஜ் பத்திக் கேட்டவருக்கு. அங்க கோச்சா இருந்த ஜே ரைட் 2009ல ஃபைனல் ஃபோர் போனார், அந்தப் பேரை வச்சு பெரிய பெரிய ஸ்டார் பசங்க வர ஆரம்பிச்சாங்க, 2011-12ல 13-19. எங்களுக்கு ஒத்து வருமான்னு பாக்காம பேரைப் பாத்து எடுத்துட்டோம்னு அவரே வெளிப்படையா சொன்னார். திருத்திக்கிட்டு 2016லயும் 2018லயும் சாம்பியன். மிகல் பிரிட்ஜஸ் முதல் வருஷம் ரெட்ஷர்ட். 2018 ஃபைனல்ல 31 அடிச்ச டான்டே டிவின்சென்சோ பெஞ்சுல இருந்து வந்தவன். ரைட் 2022ல ஓய்வு எடுத்தப்புறம் 2023, 2024, 2025 மூணு வருஷமும் அந்த டீம் டோர்னமென்ட் பக்கமே வரலை. சுவத்துல எழுதினது அப்படியே தான் இருக்கும், அதைப் பாத்துக்கிறவர் போயிட்டார்.

8 ஜூன்

காலேஜ் பிளேயருங்களுக்குப் பணம் குடுக்கிறது பத்தின வழக்குல சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் வந்தாச்சு. ஜூலை 1ல இருந்து காலேஜே பிளேயருக்கு நேரடியா பணம் குடுக்கலாம், ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேத்து முதல் வருஷம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். பசங்களுக்குக் கிடைக்கட்டும், இத்தனை வருஷம் அவங்க உழைப்புல மத்தவங்க சம்பாதிச்சாங்க. பென்னட் போன அக்டோபர்ல சீசனுக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கிறப்ப விலகினது இந்தப் புது உலகம் தனக்கு ஒத்து வரலைன்னு சொல்லித் தான். அன்னைக்கு நான் காரை ஓரம் கட்டி அந்தப் பேட்டியை முழுக்கக் கேட்டேன். பசங்க பொருந்தறாங்களான்னே வாழ்நாள் பூரா பாத்த மனுஷன், தானே பொருந்தலைன்னு தெரிஞ்சதும் எடத்தை விட்டுட்டார்.

20 ஜூலை

மக இப்போ ஒரு சின்ன காலேஜ்ல உதவி கோச். இந்த வாரம் ஒரு ஏஏயூ டோர்னமென்ட்டுக்கு ஆள் பாக்கப் போனா, நான் தான் கார் ஓட்டினேன். ஒரே ஹால்ல எட்டு கோர்ட், எட்டு விசில், எந்த விசில் எதுக்குன்னே தெரியலை. அவ உக்காந்த எடம் எனக்குப் புரியலை, ரிங் பக்கம் போகாம பெஞ்சுக்கு நேர் எதிரா உக்காந்தா. கையில ஒரு நோட்டு. அவ பாக்க வந்த பொண்ணு நல்லா ஆடினா, இவ எழுதவே இல்ல. அந்தப் பொண்ணை வெளிய எடுத்தப்ப தான் பேனாவைத் திறந்தா. எட்டிப் பாத்தேன். “தண்ணி பாட்டில் வாங்கினா, குடுத்த சின்னப் பொண்ணு கிட்ட தேங்க்ஸ் சொன்னா. நாலாவது சேர்ல உக்காந்தா. உள்ள போனவ கிட்ட யாரைப் பிடிக்கணும்னு கத்திச் சொன்னா.” அவ்வளவு தான் அந்தப் பக்கத்துல.

திரும்பி வர்றப்ப அவளே ஆரம்பிச்சா. ஏப்ரல்ல நான் எழுதினதைப் படிச்சிருக்கா. “அப்பா, அந்த கோச் நம்மளை ஏமாத்தலை. கேம்பஸ் விசிட் போனப்ப பிராக்டிஸ் முழுக்க உக்காத்தி வச்சு காட்டினாங்க. அஞ்சஞ்சு பேரா மாறினதை நாம பாத்தோம். ‘இது எல்லாருக்கும் ஒத்து வராது, நல்லா யோசிச்சு சொல்லுங்க’ன்னு உங்க கிட்டயும் சொன்னாங்க. நீங்க லைப்ரரியைப் பத்திக் கேட்டுட்டு இருந்தீங்க, எனக்கு ஒருத்தர் தேடி வந்தாங்களேங்கிற சந்தோஷம், ரெண்டு பேருக்கும் காதுல விழலை.”

ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம ஓட்டினேன். எட்டு வருஷமா அந்தம்மா மேல வச்சிருந்த கோபம். 2 ஏப்ரல்ல எழுதின கடைசி வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். அவங்க உண்மையைச் சொல்லித் தான் எடுத்தாங்க.

21 ஜூலை

முதல் கேள்வி கேட்டவருக்கு, மக கிட்ட கேட்டு எழுதறேன். பையனுக்கு 11ஆவது ஆரம்பிக்கப் போகுது, விசிட் போவீங்க. ஜிம் எவ்வளவு பெருசுன்னு பாக்காதீங்க. ஒரு பிராக்டிஸை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பாக்கணும்னு கேளுங்க, விடலைன்னா அதுவும் ஒரு பதில். போன ரெண்டு வருஷத்துல டீமை விட்டுப் போனவங்க எத்தனை பேர், ஏன்னு கோச் கிட்டயே கேளுங்க. இப்போ ஆடற பசங்கள்ல அதிகம் சான்ஸ் கிடைக்காத ஒருத்தனோட உங்க பையனை அரை மணி நேரம் தனியா பேச விடுங்க, நீங்க கூடப் போகாதீங்க. கார்ல ஏறினதும் முதல்ல அவனைப் பேச விடுங்க. எந்த காலேஜ்னு முடிவானப்புறம் இங்க வந்து எழுதுங்க, நானும் மகளும் அவன் மேட்ச்சைப் பாப்போம்.